நாலு பல்பு, ஒரு சாவி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். காளியம்மாவின் குதிகால் வழுக்கியது.

வீடு கழுவும் நாள். யாரும் ஈரத்தில் கால் வைத்துவிடக் கூடாதென்று முன்வாசல் கிரில் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு கழுவுவது அவள் வழக்கம். சமையலறையில் கடைசி வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, பின்பக்கம் சாய்த்து வைத்த துடைப்பத்துக்குத் திரும்பினாள். அவ்வளவுதான். இடது கையை ஊன்றினாள். மணிக்கட்டில் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. பின்மண்டைக்கும் வாசற்படியின் சிமெண்டு விளிம்புக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி.

தெருவில் ரொட்டிக்காரரின் ஹாரன் வந்தது. நின்றது. போனது.

அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பெம்பான் ஊர் முழுக்க இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. எடுக்க ஆளில்லை. மறுபடி அடித்தது. பன்னிரண்டுக்கு ஆயர் குரோவிலிருந்து மகன் விமலன் காரை விரட்டிக்கொண்டு வந்து நின்றான். கிரில் வழியாகப் பார்த்தான். தண்ணீரில் அம்மா. பூட்டை உடைக்கக் காடியின் ஜாக்கை எடுத்து வந்ததைக் காளியம்மா படுத்தபடியே பார்த்தாள்.

"உடைக்காதடா, புதுப் பூட்டு. சாவி கிரில் பக்கத்துல சாமி மேடையில இருக்கு. கொக்கி வச்சு இழு."

இழுத்தான். திறந்தான். அந்தச் சாவி அன்றைக்கு அவன் சட்டைப்பைக்குப் போனது. திரும்பி வரவில்லை.

கையில் மாவுக்கட்டு. ஆறு வாரம் ஆயர் குரோவில் மகன் வீடு. காலை ஏழரைக்கு விமலன் தொழிற்சாலைக்குப் போவான். மருமகள் உஷாராணி ஆபீசுக்குப் போவாள். கேட் பூட்டப்படும். அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் நடப்பதில்லை, கடைக்குக்கூடக் காடி. நாற்பத்தோரு வருஷம் கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவள், சோபாவில் உட்கார்ந்து எதிர்வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலையில் குடிக்கத் தண்ணீர் எடுக்க எழுந்தாலே போதும், உஷாராணி ஓடி வருவாள்.

"நீங்க உக்காருங்கத்தே! நான் எடுத்துத் தரேன்லா!"

ஆறாவது வாரம் கட்டுப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கும் மிஸ்ஸி கோமளாவிடம் அனுப்பினார்கள். முப்பது வயது இருக்கும். கழுத்தில் ஸ்டாப்வாட்ச்.

"பாட்டி, கைய நெஞ்சில கட்டிக்குங்க. நாற்காலியப் பிடிக்காம எந்திரிச்சு, அந்த மஞ்சக் கோடு வரைக்கும் நடந்து, திரும்பி வந்து உக்காரணும். மூணு மீட்டர்தான்."

"யாருக்கு நான் பாட்டி?"

கோமளா ஒரு கணம் பார்த்தாள். "சரிங்கம்மா. ஸ்டார்ட்."

முதல் தடவை எழ முடியவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவதில் எழுந்து, கோடு வரை போய், திரும்பும்போது சுவரைத் தேடினாள். உட்கார்ந்தபோது ஸ்டாப்வாட்ச் இருபத்தேழு விநாடி காட்டியது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது இரண்டு விநாடி.

"பதினாலுக்குள்ள வரணும். ஒத்தக் கால்ல பத்து. ஆறு வாரமா சோபாவிலயே உக்காந்ததுல தொடை தேஞ்சிருச்சு," என்றாள் கோமளா, விமலனைப் பார்த்து. "தினமும் ரெண்டு வேள பயிற்சி பண்ணா வந்துரும். வயசு காரணமில்ல."

"மிஸ்ஸி, இவங்க தனியா இருக்கணும்கிறாங்க."

"இப்ப வேணாம்."

அந்த 'இப்ப'வைக் காளியம்மா பிடித்துக்கொண்டாள். "எப்ப வேணாம்னு சொல்லாம இருப்பீங்க?"

"ஆறு வாரம் கழிச்சு வாங்க. மே மூணாம் தேதி."

வெளியே காடியில் வாக்குவாதம் முக்கால் மணி நேரம் நடந்தது. முடிவு இது. ஆறு வாரம் அவள் தன் வீட்டில் இருக்கலாம். இரவில் பக்கத்து வீட்டு அன்னம்மா வந்து படுத்துக்கொள்வாள். கிரில் பூட்டக் கூடாது, சாவி விமலனிடம். மே மூன்றாம் தேதி தேறாவிட்டால் நிரந்தரமாக ஆயர் குரோ. வீட்டை வாடகைக்கு விடுவது.

"என் பேர்ல இருக்கிற வீடுடா."

"உங்க பேர்லயே இருக்கட்டும்மா. நீங்கதான் என் வீட்ல இருக்கணும்."

மறுநாள் அவன் ஒரு சக்கர நாற்காலியையும் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். புதுசு. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காதது. காளியம்மா அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பத்துக் கிலோ அரிசி மூட்டையை இழுத்து வந்து அதில் உட்கார வைத்தாள்.

"நீ உக்காரு," என்றாள் மூட்டையிடம்.

கோமளா கொடுத்த காகிதத்தில் பத்துப் படங்கள். கோட்டுருவப் பெண் ஒருத்தி கால் தூக்குகிறாள், பக்கவாட்டில் அடி வைக்கிறாள், பின்னால் நடக்கிறாள். இரண்டு நாள் செய்தாள். மூன்றாம் நாள் காகிதம் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் போனது. நான்காம் நாள் அந்தப் பெட்டியே கெட்டுப்போனது. அதைப் பார்க்க வந்த முனுசாமி காகிதத்தையும் எடுத்துப் பார்த்தார்.

முனுசாமிக்கு அறுபத்தாறு வயது. பக்கத்து ஊர் ஜாசினின் பாசாருக்குப் பின்னால் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை. திருவிழாக் காலத்தில் கோயில்களுக்குச் சீரியல் விளக்கு கட்டுவார். ஏரியல் மாட்ட ஏறி, கூரையிலிருந்து விழுந்ததில் இடது கால் சற்றே இழுக்கும். காளியம்மாவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்.

"இதையா செய்யச் சொன்னாங்க?"

"ஆமாண்ணே. கால எப்பத் தூக்கணும்னு யாராச்சும் சொல்லணும்ல? சுவத்தப் பாத்துக்கிட்டு நான் பாட்டுக்குத் தூக்கினா பைத்தியம் மாதிரி இருக்கு."

முனுசாமி தாடையைச் சொறிந்தார். அவர் தாடையைச் சொறிந்தால் ஏதோ ஒரு சாமான் உயிரோடு பிரிக்கப்படும் என்பது ஜாசினில் எல்லாருக்கும் தெரியும்.

நாலு நாள் கழித்து மோட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். நாலு பலகைகள், ஒவ்வொன்றின் அடியிலும் காலிங் பெல் பொத்தான், மேலே ரப்பர் பாய். எதிரே ஒரு சட்டத்தில் நாலு பல்பு: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். நடுவில் ஒரு தகர உருளை.

"இது கோயில் சீரியல் செட்டோட உருளை. இது சுத்தினாத்தான் வாசல் வளைவுல வெளக்கு ஓடும். இப்ப உனக்காக ஓடும். செவப்பு எரிஞ்சா முன்னால அடி வை. மஞ்சள் பின்னால. பச்சை, நீலம் ரெண்டு பக்கமும். கரெக்டா மிதிச்சா மணி அடிக்கும், இந்தக் கால்குலேட்டர்ல ஒன்னு ஏறும். தப்பா மிதிச்சா ஒன்னுமில்ல."

"ஷாக் அடிக்குமா?"

"பேட்டரிலா. கட்டைவிரல் அளவு பேட்டரி நாலு. ஒரு கொசு கூடச் சாகாது."

முதல் நாள் நாற்பதுக்கு ஒன்பது. கைக்கெட்டும் தூரத்தில் முனுசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவை அவள் தடுமாறும்போதும் பாதி எழுந்தார்.

"நீங்க எந்திரிக்காதீங்கண்ணே! உங்களப் பாத்தா நான் விழுந்துருவேன்!"

இரண்டாம் வாரம் பத்தொன்பது. மூன்றாம் வாரம் முப்பத்திரண்டு. நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, கால்குலேட்டரில் நாற்பது. நாற்பதுக்கு நாற்பது! அன்னம்மா வந்து பார்த்துவிட்டு வாயில் விரல் வைத்தாள். காளியம்மா விமலனுக்குப் போன் செய்தாள்.

"நாப்பது."

"என்னம்மா நாப்பது?"

"வந்து பாத்துக்க."

வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் பேட்டரி தீர்ந்தது. கடையில் வாங்கி அவளே மாற்றினாள். தனியாக இருந்தாள். பலகைகளுக்கு நடுவே நின்று சுவிட்சைப் போட்டாள்.

முதலில் சிவப்பு எரிய வேண்டும். மஞ்சள் எரிந்தது.

கண் மஞ்சளைப் பார்த்தது. கால் சிவப்புக்குப் போய்விட்டிருந்தது. உடம்பு நடுவில் மாட்டிக்கொண்டது. கையை வீசினாள்; அகப்பட்டது சக்கர நாற்காலியின் கைப்பிடி. பிடித்தாள். அது உருண்டது. அரிசி மூட்டையோடு மெல்ல மெல்லப் பின்னால் நகர, அவளும் அதைத் தொடர்ந்து மெல்ல மெல்லச் சரிந்து, முழங்காலில் வந்து இறங்கினாள்.

பல்புகள் அவள் இல்லாமலே எரிந்து எரிந்து அணைந்தன. கால்குலேட்டரில் சைபர்.

எழுந்து சுவிட்சை அணைத்தாள். முழங்காலில் தோல் உரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. நாட்காட்டியைப் பார்த்தாள். மே மூன்றுக்குப் பதினேழு நாள்.

மாலையில் முனுசாமி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "பேட்டரிய மாத்திப் போட்டுட்டே. மோட்டார் திரும்பிச் சுத்துது. அவ்வளவுதான், இதுக்குப் போயி..."

"அவ்வளவுதான் இல்லண்ணே." அவள் குரல் சின்னதாக இருந்தது. "நான் வெளக்கப் பாத்து மிதிக்கல. உங்க உருள மனப்பாடம் ஆயிருச்சு."

முனுசாமி நிமிர்ந்தார்.

"என் நெரையில நானூத்தி இருவது கித்தா மரம். இருட்டுல போய் வெட்டுவேன். எந்த மரத்துக்கு அடுத்து எந்த மரம், எங்க வேர் நீட்டிக்கிட்டிருக்கும், எல்லாம் காலுக்குத் தெரியும். இதையும் கால் அப்படிப் பண்ணிக்கிச்சு. செவப்பு, நீலம், செவப்பு, மஞ்சள், பச்சைன்னு நாப்பது மரம். அவ்வளவுதான் நான் கத்துக்கிட்டது."

வெளியே பள்ளிப் பேருந்து போனது. முனுசாமி கால்குலேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருளையைச் செய்தவர் அவர். அது சுற்றிச் சுற்றி ஒரே வரிசையில்தான் எரியும் என்பது அவருக்குத் தோன்றாமல் போயிற்று. அவரும் மிதித்துப் பார்க்கவில்லை. அவர் கால் அப்படி.

"மகன்கிட்ட இன்னொரு மாசம் கேளேன்."

"கேக்க மாட்டேன்."

"காளியம்மா..."

"கேக்க மாட்டேண்ணே. உருளையக் கழட்டுங்க. வரிசையே இல்லாம எரியணும்."

"அதுக்குக் கம்ப்யூட்டர் வேணும்."

"உங்க கை இருக்குல்ல?"

ஒரு மணி நேரத்தில் உருளை வெளியே வந்தது. ஒரு பலகையில் வரிசையாக நாலு பெல் பொத்தான்கள் முளைத்தன. முனுசாமி அமுக்கினார்; பல்பு எரிந்தது; அவள் மிதித்தாள். முதல் நாள் ஏழு. மறுநாள் எட்டு. மூன்றாம் நாள் இருபத்தைந்து. நான்காம் நாள் அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீங்க அமுக்குறதுக்கு முன்னால அந்தப் பலகையப் பாக்குறீங்க. உங்க கண்ணே சொல்லிருது."

"நானா?"

"பாவம் பாக்குறீங்க. எனக்குப் பாவம் வேணாம்."

கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். அவர் அந்தப் பக்கம் பொத்தான்களோடு. அவள் இந்தப் பக்கம் பல்புகளோடு. கால்குலேட்டர் கீழே இறங்கி, மறுபடி மெதுவாக ஏறியது. இடையிடையே கோமளாவின் காகிதம் டிவிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. நாற்காலியைப் பிடிக்காமல் எழுவது, உட்கார்வது, காலை இருபது, மாலை இருபது. பசியாறும்போது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கோப்பி குடித்தாள். அன்னம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்: "என்ன, கொக்கு மாதிரி?"

"கொக்க யாராச்சும் வீல்சேர்ல வச்சுத் தள்ளிப் பாத்திருக்கியா?"

மே மூன்றாம் தேதி, சனிக்கிழமை. கோமளா ஸ்டாப்வாட்சை அமுக்கினாள்.

எழுந்தாள். கோடு. திரும்பினாள், சுவரைப் பார்க்காமல். உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு! ஒத்தக் கால்?"

பதினொன்று வரை எண்ணிவிட்டுக் காளியம்மா தானே காலை இறக்கினாள். "போதுமா, இன்னும் நிக்கணுமா?"

கோமளா சிரித்தாள். விமலன் சிரிக்கவில்லை. காடிக்கு வந்ததும் சொன்னான்.

"இங்க தரை சமமா இருக்கும்மா. வீட்ல அப்படியா? மழை, ஈரம், பூனை குறுக்க ஓடும். திங்கக்கெழம வாடகைக்கு ஆள் வருது. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

காளியம்மா பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப, ஆறு வாரம்னு எனக்குக் குடுத்தது?"

அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

"வண்டிய எடு. வீட்டுக்குப் போ. ஆயர் குரோ இல்ல. என் வீடு."

கூடத்தில் போர்வை தொங்கியது. முனுசாமி பொத்தான் பலகையோடு காத்திருந்தார். விமலன் எல்லாவற்றையும் பார்த்தான். அவன் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவன்; ஒரே நோட்டத்தில் வயர் எது, சுவிட்ச் எது என்று தெரிந்துபோயிற்று.

"மாமா, இது நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்சது பாதி. கெடுத்தது பாதி. திருத்தினது உங்கம்மா."

"நீ அமுக்குடா," என்றாள் காளியம்மா. "நாப்பது தடவ. எப்படி வேணும்னாலும் அமுக்கு. வேகமா, மெதுவா, என்னை ஏமாத்து. மூணு தப்பு விட்டா, இல்ல கைய எதுலயாச்சும் வச்சா, இப்பவே உன் நாற்காலியில உக்காந்து உன் வீட்டுக்கு வரேன். வாய் தொறக்க மாட்டேன்."

"விழுந்துட்டா?"

"அதான் சொன்னேனே. வரேன்."

"ம்மா, வேணாம்மா..."

"பயமா இருக்கா? எனக்கும் இருக்கு. அமுக்கு."

போர்வைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். விரல்களைப் பொத்தான்கள் மேல் வைத்தான். சிவப்பு. டிங். நீலம். டிங். முதல் பத்து அவன் மெதுவாகத்தான் அமுக்கினான். பிறகு அவனுக்குள் இருந்த மெஷின்காரன் விழித்துக்கொண்டான். பச்சை, பச்சை, பச்சை. மூன்று டிங். சட்டென்று மஞ்சள். டிங். அவனுக்கு வேர்த்தது. அம்மா தெரியவில்லை. ரப்பர் பாயில் வெறுங்கால் அடி மட்டும் கேட்டது.

"இருவத்தி மூணு," என்றார் முனுசாமி. "ஒரு தப்பு."

விமலன் நிறுத்தினான். நீண்ட இடைவெளி விட்டான். அவள் தளரட்டும். பிறகு சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக அமுக்கினான்.

தடால்.

அவன் கை பொத்தானில் உறைந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும் என்று தோன்றியது. தண்ணீர், கிரில், நெளிந்து கிடந்த கை. மூன்று மாதமாக ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவன் பார்த்துக்கொண்டிருந்த படம்.

"அம்மா! ம்மா!"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

பிறகு குரல் வந்தது, கோபமாக.

"அமுக்குடா!"

அவன் போர்வையைப் பிடித்து இழுத்தான். கயிறோடு வந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் சிவப்பில், ஒரு கால் மஞ்சளில், முழங்கால் மடங்கி, முதுகு நேராக, தாழ்வான வெட்டை எட்டக் கித்தா மரத்தடியில் நிற்பது போல. இரண்டு கைகளும் காற்றில். எதையும் தொடவில்லை.

"ரெண்டு கதவையும் ஒன்னாத் தட்டுனா ரெண்டையும் தொறக்கணும்ல?" என்றாள் மூச்சிரைத்தபடி. "அண்ணே, எத்தன?"

முனுசாமி கால்குலேட்டரைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். "மிதிச்சது மிதிச்சதுதான். ரெண்டையும் சேத்து இருவத்தஞ்சு. தப்பு ஒன்னுதான்."

"இன்னும் முடியல. போர்வ இல்லாமயே அமுக்கு. கண்ணால பாத்தே அமுக்கு."

அமுக்கினான். அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தாள். முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தேழில் ஒன்று தவறியது. கால் சிமெண்டில் பட்டு, சுதாரித்து மேலே வந்தது. அவன் பாதி எழுந்தான்.

"உக்காரு!"

உட்கார்ந்தான். கடைசி நீலம். டிங்.

"முப்பத்தெட்டு," என்றார் முனுசாமி. கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தப்பு. மூணு இல்ல."

காளியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மகன் பக்கம் வந்தாள்.

"எந்திரி. பலகைய என்கிட்ட குடு. நீ போய் நில்லு."

"நானாம்மா?"

"சாவி வச்சிருக்கிறவன் நிக்க வேணாமா?"

வயது முப்பத்தெட்டு. தொழிற்சாலை, காடி, சோபா. வயிறு பெல்ட்டுக்கு வெளியே. செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைகளுக்கு நடுவே நின்றான். அவள் அமுக்கினாள். பாவம் பார்க்கவில்லை. சிவப்பு, பச்சை, சிவப்பு, மஞ்சள். ஆறாவதில் கால் கால் மேல் ஏறியது. ஏழாவதில் இரண்டடி பின்னால் தள்ளாடினான். பின்தொடையில் என்னவோ இடித்தது. தொப்பென்று உட்கார்ந்தான். அன்றைக்கு அரிசி மூட்டையை இறக்கி வைத்ததால் காலியாக இருந்த சக்கர நாற்காலி அவனைத் தூக்கிக்கொண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

முனுசாமிதான் முதலில் சிரித்தார். பிறகு விமலனும். சிரித்துக்கொண்டிருந்தவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது. சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு நீங்க செத்துட்டீங்கன்னுதாம்மா நெனச்சேன். பூட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு."

காளியம்மா அவன் தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"கழுவும்போது இனிமே கிரில் பூட்ட மாட்டேன். அது என் தப்பு. பாத்ரூம்ல ஒரு கம்பி மாட்டிக் குடு, பிடிச்சுக்க. அடுப்படியில அந்த வழுக்குற தரை ஓட்ட மாத்து. தினமும் போன் பண்ணு, எடுக்குறேன். திங்கக்கெழம வரவங்களுக்கு நீயே போன் பண்ணி வேற வீடு பாக்கச் சொல்லிரு."

"சரிம்மா."

"அப்புறம் விழுந்தா விழுந்தேன்தான். எந்திரிக்கத் தெரியும்."

அவன் சட்டைப்பையில் கை விட்டாள். சாவியை எடுத்தாள். சாமி மேடையில் வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

விமலன் எழுந்து நாற்காலியை மடக்கப் போனான்.

"அத ஏன் தூக்குற? இருக்கட்டும்," என்றாள். "முனுசாமிண்ணன் பெட்டி பலகை எல்லாம் அதுல ஏத்து. அன்னம்மா வீட்டுக்கு நான் தள்ளிக்கிட்டுப் போகணும். அவளுக்கு நாளைக்குக் காலையில மொத நாள்."